வியாழக்கிழமை நீ ஒப்பமிட வேண்டிய உறுதி

மகன்,

ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு உம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். நீ முன்னறையில் கல்யாண அழைப்புகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் சமையலறை மேசையில் இதை எழுதுகிறேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் உன்னிடம் வந்துவிடலாம். காலையிலிருந்து மூன்று தடவை வந்தேன். ஒரு தடவை தேநீர் கொண்டுவந்தேன். ஒரு தடவை பழைய பத்திரிகை ஒன்றைத் தேடுவதுபோல் நின்றேன். மூன்றாவது தடவை கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். "வெயில் நேரம் ஜன்னல ஏன் உம்மா சாத்துறீங்க?" என்று கேட்டாய். முப்பது வருடம் வகுப்பில் கதைத்தவளுக்கு மகனிடம் கதைக்க வரவில்லையா என்று நீ சிரிக்கலாம். வகுப்பில் சொல்லவேண்டியது புத்தகத்தில் இருக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதனுடன் தட்டச்சு செய்த நகல் ஒன்று வைத்திருக்கிறேன். அது ஒரு நன்கொடை உறுதி. இந்த வீட்டையும் வளவையும் உன் பெயருக்கு எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இதில் இருந்துகொள்ளும் உரிமையை மட்டும், சீவிய உரித்து என்று அதில் போட்டிருக்கிறது, எனக்கு வைத்துக்கொள்கிறேன். கொடுக்கிறவர் கையெழுத்து மட்டும் போதாது. வாங்குகிறவரும் ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட வேண்டும். அதனால் வியாழக்கிழமை காலை நீ என்னோடு உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோருக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் நிக்காஹ். அதன்பிறகு நீ அக்கரைப்பற்றில், உன் மனைவியின் வீட்டில் இருப்பாய். கல்யாண வேலைக்குள் இதற்கென்ன அவசரம் என்று நீ கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளமானது, பொறுமையாக வாசி. உறுதியில் எழுதாத ஒன்றும் என் மனதில் இருக்கிறது. துணிவு வந்தால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வாப்பாவை நீ பார்த்ததில்லை. கல்முனைச் சந்தையில் அவருக்கு ஓர் இரும்புச் சாமான் கடையும், மேற்கே கொஞ்சம் வயலும் இருந்தன. ஆண்பிள்ளை இல்லை. எனக்கு எட்டு வயது மூத்த சகோதரி தாத்தா, பிறகு நான். எங்கள் கரையில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணோடு நிற்கும். தாத்தாவின் கல்யாணத்தில் பள்ளிவாசல் லெப்பை காவின் எழுதும்போது வாப்பா சபை கேட்க, "வீடும் வளவும் மகளுக்கு" என்றார். லெப்பை அதைக் காவினில், கல்யாணப் பதிவிலே, எழுதிக்கொண்டார். அன்றோடு வீடு தாத்தாவுடையது என்று வாப்பா நினைத்தார், தாத்தா நினைத்தாள், ஊரும் நினைத்தது. நொத்தாரிசிடம் ஒருவரும் போகவில்லை. இரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில் எழுதிவிடலாம், இரண்டு தடவை அலைய வேண்டாம் என்பது வாப்பாவின் கணக்கு. தாத்தாவின் வீட்டுக்கு அடுத்த வளவில் என் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளாண்மை வெட்டுக்குப் பிறகும் இரண்டு வண்டில் கல் வரும், சுவர் ஒரு முழம் உயரும். நான் பதினெட்டு வயதில் பேராதனைக்குப் போகும்போது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. கூரை இல்லை.

அது ஐம்பதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பெண்பிள்ளை பல்கலைக்கழகம் போவதென்பது ஊரில் கேள்விப்படாத செய்தி. கடைக்கு வருகிறவர்கள் ஆணி வாங்கும் சாக்கில் வாப்பாவைச் சீண்டுவார்கள். "புள்ளய மலைநாட்டுக்கு அனுப்பி வெள்ளக்காரனுக்கா குடுக்கப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டாராம். வாப்பா ஆணியை நிறுத்துக்கொண்டே, "அவ படிச்சி முடிக்கட்டும். வீடு எங்க ஓடப்போகுது?" என்று சொன்னாராம். இதை என் உம்மா எனக்குப் பெருமையாகச் சொன்னா. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பேராதனையில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. விடுதிச் சாப்பாட்டில் முதல் மூன்று மாதம் எனக்கு உப்புப் போதவில்லை. உப்புக் கிண்ணம் மேசையின் மறுமுனையில் இருந்தது. அதை இப்படித் தள்ளுங்கள் என்று கேட்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. என்னோடு அறையில் இருந்தவள் கிரேஸ், கல்லாற்று மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை, சட்டம் படித்தாள். அறைக்குள் நடந்து நடந்து சத்தமாகப் படிப்பாள். எனக்குக் கதைக்க வராது, கேட்க வரும். அவள் சட்டத்தில் பாதி என் காதிலும் ஏறிவிட்டது. ஒருநாள் உதாரணம் தேடி என்னிடம் கேட்டாள், உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று. காவினில் எழுதியிருக்கிறது என்றேன். கிரேஸ் நின்றுவிட்டாள்.

"காவின் கலியாணத்துக்குச் சாட்சி. நிலம் வாயால மாறாது, கலியாணப் பதிவாலயும் மாறாது. நொத்தாரிசு எழுதி, ரெண்டு சாட்சி ஒப்பம் வெச்சாத்தான் மாறும்" என்றாள். பிறகு தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள். "உங்கட ஆக்களுக்கு உங்கட மார்க்கப்படிதான் பங்கு. ஆம்பிளைப் பிள்ளை இல்லாட்டி அப்பாட சகோதரனுக்கும் ஒரு பங்கு வரும். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தெரியும். இதை நீ நினைவில் வைத்துக்கொள். தெரியாமல் நடந்தது என்று நான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன், உன் வாப்பாவிடம்கூட முதலில் அப்படித்தான் சொன்னேன். அது பொய்.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது இதை எப்படியும் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். முதலில் தாத்தாவிடம் தொடங்கினேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். வாப்பா நம் இரண்டு பேருக்கும் வீட்டை இப்போதே எழுதிவிட்டால் நல்லது என்று மெதுவாகச் சொன்னேன். தாத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கம் திரும்பினாள்.

"உம்மா, இஞ்ச வந்து கேளுங்க. உங்கட படிச்ச மகளுக்கு வீட்ட எழுதட்டாம். கெதியா மாப்புள தேடுங்க."

உம்மா சிரித்தா. அடுத்த வீட்டுக்காரியும் வேலிக்கு அப்பால் இருந்து சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. வீட்டை எழுதச் சொல்லி ஒரு குமர்ப்பிள்ளை கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடு எழுதுவது கல்யாணத்தில். ஆகவே எழுதச் சொல்லிக் கேட்பவள் கல்யாணம் கேட்கிறாள். நான் படிக்கப் போனதால் என் கல்யாணம் தள்ளிப்போனது, கல்யாணம் தள்ளிப்போனதால் உறுதி தள்ளிப்போனது, தாத்தாவின் உறுதியும் என்னுடையதோடு சேர்ந்து தள்ளிப்போனது. இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். "உன் வீடும் உன்னுடையதல்ல தாத்தா" என்று ஒரு வசனம் போதும். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மதியம் வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அருகில் போய் நின்றேன். உம்மா அறைக்குள் தொழுதுகொண்டிருந்தா. யாரும் இல்லை. வாப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகள், ஒண்டு செல்ல வந்த மாதிரி நிக்கிறாய்?"

"ஒண்டுமில்ல வாப்பா. தண்ணி வேணுமா எண்டு கேக்க வந்தன்."

அவருக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்று செம்பை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு போய், இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, புதிதாக அள்ளிக்கொண்டு வந்தேன். வாப்பாவோடு நான் கதைத்த கடைசிக் கதைகளில் அதுவும் ஒன்று.

படிப்பின் கடைசி வருடம் தந்தி வந்தது. மட்டக்களப்பில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டு வாசலுக்கு வரும்போது வாப்பாவின் மையித்தை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. நம் மார்க்கத்தில் காத்திருக்க மாட்டார்கள், அது சரிதான். காய்ச்சல் நாலே நாள் என்றார்கள். நான் பரீட்சைக்குத் திரும்பிப் போய் எழுதிவிட்டு வந்தேன். பட்டம் பெற்றவள் என்று ஊரில் என்னை ஒருவரும் பார்க்க வரவில்லை, வந்தவர்கள் எல்லாம் மௌத்து வீட்டுக்கு வந்தவர்கள்.

சாச்சா, வாப்பாவின் தம்பி, ஒவ்வொரு நாளும் வந்தார். கடையைத் திறந்து பார்த்துக்கொண்டார், எங்களுக்கு மீன் வாங்கிக் கொடுத்தார். உம்மா இத்தாவில் இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் அவ வெளியே வரமுடியாது, அந்நிய ஆண்களுக்கு முகம் காட்ட முடியாது. வாப்பாவின் சொத்தைப் பொறுப்பெடுக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும், அந்தக் கோட்டு மட்டக்களப்பில். காகிதங்கள் எல்லாம் இங்கிலீசில். வீட்டில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள் நான். நான் தனியாகப் போகமுடியாது, ஆண்துணை வேண்டும். துணைக்கு வர சாச்சாவைத் தவிர யாரும் இல்லை. அப்படித்தான், மகன், எங்கள் முதுசச் சொத்தில் பங்குள்ள மனிதரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு, அந்தப் பங்கைப் பற்றிக் கேட்க நான் பஸ் ஏறினேன். கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றபோது அவர் இறங்கி எனக்கு ஒரு சோடா வாங்கி வந்து தந்தார்.

நாங்கள் பார்க்கப்போன வழக்கறிஞர், புரொக்டர், வயதான தமிழர். மெதுவாகவும் மரியாதையாகவும் கதைத்தார். மரணசாசனம் ஏதும் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். பிள்ளைகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார், காவினின் நகலை நீட்டினேன். அவர் அதை முழுதாக வாசித்துவிட்டு, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தார். எல்லாவற்றையும் இருபத்துநாலாகப் பிரிப்பதென்றால் மனைவிக்கு மூன்று, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் எட்டு எட்டு, மிச்சம் ஐந்து இறந்தவரின் சகோதரனுக்கு என்றார். "சகோதரர் இருக்கிறாரா?" என்று கேட்டார். கதவோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்த சாச்சா, "நான்தான்" என்றார். பிறகு சொத்துக்களின் பட்டியலை எழுத்தர் இங்கிலீசில் எழுத, நான் வாசித்துச் சரிபார்த்தேன். தாத்தாவின் வீடு அதில் ஒரு வரி. அதன் கீழே, கூரையில்லாத, முடிவுறாத கல் கட்டிடம் ஒன்று என்று இருந்தது. அது என் வீடு என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

திரும்பி வரும் பஸ் களுவாஞ்சிக்குடி தாண்டிய பிறகு சாச்சா கதைத்தார்.

"புள்ள, எனக்கு மூணு குமர்ப்புள்ள இரிக்கி. ஒண்டுக்கும் வீடு இல்ல. நான் உங்கட சொத்தக் கேக்கல்ல. அல்லா எழுதின பங்கத்தான் கேக்கிறன்."

நான் தலையை ஆட்டினேன்.

"உன்ட வாப்பா உயிரோட இரிக்கக்க ஒரு உறுதி எழுதியிருந்தா, நான் வாயே திறக்கமாட்டன். என்ட கூடப்பொறந்த காக்கா குடுத்தது குடுத்ததுதான். அவர் ஏன் எழுதல்ல எண்டுதான் எனக்கு விளங்குதில்ல. உனக்குத் தெரியுமா?"

எனக்கு மட்டும்தான் தெரியும். "தெரியா சாச்சா" என்றேன்.

அவர் கெட்டவரல்ல. இதை நீ எங்கேயும் மாற்றிச் சொல்லாதே. அவர் பங்கு அவருக்கு ஹலால். வாப்பா முன்னமே எழுதியிருந்தால் அந்தப் பங்கே எழுந்திருக்காது என்பதுதான் விஷயம். பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து இருந்து கதைத்தார்கள். தாத்தா குடியிருக்கும் வீட்டில் கைவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவளுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். வயலும் கடையும் உம்மாவின் சாப்பாட்டுக்கு வேண்டும். மிஞ்சியது என் வளவும் அந்த அரைச்சுவர்களும். சின்னவள் படித்தவள், உத்தியோகம் பார்ப்பாள், அவளுக்கு இப்போது வீட்டுக்கு என்ன அவசரம் என்று ஒருவர் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். உனக்குச் சம்மதமா என்று திரைக்கு அப்பால் இருந்து கேட்டார்கள். ஓம் என்றேன். அதைச் சாச்சாவின் பெயருக்கு உறுதி எழுதிய நாளில் உம்மாவும் தாத்தாவும் பெருவிரல் வைத்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன். என் பட்டத்தைக்கொண்டு முதன்முதல் நான் செய்த காரியம் அது.

சாச்சாவின் மூத்த மகளுக்கு அடுத்த வருடமே கல்யாணம் பேசினார்கள். அந்தச் சுவர்கள் உயர்ந்தன. கூரைக்கு ஓடு ஏற்றிய நாளில் நான் தாத்தாவின் வீட்டில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓடுகளைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பும் சத்தம், ஒருவர் எண்ணுவது, ஒருவர் சிரிப்பது. தாத்தா வந்து என் பக்கத்தில் இருந்தாள். "நீ அண்டைக்கு எனக்கிட்டச் செல்லத்தானே வந்தாய்?" என்றாள். நான் கொப்பியைத் திருத்திக்கொண்டே இருந்தேன். "நான் சிரிச்சிட்டன்" என்றாள். அவள் சிரித்ததால் நான் நிறுத்தவில்லை, நிறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்ததால் நிறுத்தினேன். அவள் மௌத்தாகும்வரை இதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அதன்பிறகு என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்டது வீடு எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று. பதில் கேட்டபிறகு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உன் வாப்பா மட்டும்தான் அதைக் கேட்கவில்லை. மாவனல்லைப் பக்கத்து மனிதர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். எங்கள் வழக்கம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "வீடு இல்லாட்டி என்ன, ஊருல வாடகைக்கு வீடு இருக்குதானே" என்று ஆளனுப்பிக் கேட்டவர் அவர். வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம். பிறகு இந்த வளவை வாங்கி, இரண்டு பேருடைய சம்பளத்திலும் கட்டினோம். என் பெயருக்குத்தான் எழுதவேண்டும் என்று நின்றவரும் அவர்தான். கல் பதிக்க முதலே உறுதியை எழுதிவிட்டு வந்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதை நீ எடுத்துக்கொள். ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு கொப்பியோடு இருப்போம். எந்த உறுதி எந்தப் பெட்டியில், யாருக்கு என்ன கொடுக்கவேண்டும், ஒருவர் போனால் மற்றவர் முதலில் யாரிடம் போகவேண்டும், இவை எல்லாவற்றையும் அதில் புதுப்பிப்போம். முதல் வருடம் எனக்கு அழுகை வந்தது. மௌத்தைப் பற்றி எழுதினால் மௌத்து வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் நினைப்பார்கள். அவர் பேனையை என் கையில் தந்து, "நான் முந்தினா நீங்க இத வாசிங்க. நீங்க முந்தினா எனக்கு ஆணம் ஆக்கத் தெரியாது, அதையும் இதுல எழுதி வைங்க" என்றார். ஒரு பக்கம் முழுவதும் மீன் ஆணத்துக்குப் புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு என்று எழுதிவைத்தேன். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. அவர்தான் முந்தினார். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவருடைய மூத்த சகோதரர்கள், காக்காமார், மாவனல்லையிலிருந்து வந்து, மூன்று நாள் இருந்து, ஓதிவிட்டுப் போனார்கள். பங்கு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை, வர இடமும் இருக்கவில்லை. ஆண்பிள்ளை நீ இருந்தாய், அதற்கு மேல் எல்லாம் எழுதியிருந்தது. நான் அந்த மூன்று நாளும் அவருக்காக மட்டும் அழுதேன், வேறு எதற்காகவும் அழவேண்டியிருக்கவில்லை. இது எவ்வளவு பெரிய கொடை என்பதை, இரண்டு விதமாகவும் அழுதவள் நான், எனக்குத் தெரியும்.

இப்போது உன் காரியம். ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் சபையில் வீடு மகளுக்கு என்று சொல்வார், எழுதிக்கொள்வார்கள். அதோடு விட்டுவிடாதே. உறுதி எழுதியாகிவிட்டதா என்று கேள். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிறான் என்று நாலு பேர் கதைப்பார்கள், கதைக்கட்டும். உன் பெயருக்கு ஒரு அங்குலமும் வேண்டாம், அவள் பெயருக்கு எழுதுங்கள் என்று சொல். அந்த வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு என்று வைத்திருப்பதையும் அதே நாளில் எழுதச் சொல். அது தானாக வாய் திறந்து கேட்காது. மூத்த மருமகன் கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பிறகு நீயும் உன் மனைவியும் ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளை பிறக்கும்வரை, வேலை நிலைக்கும்வரை என்று பார்க்க வேண்டாம். எழுதுவதற்கு ஒரு கல்யாணமோ ஒரு மௌத்தோ தேவையில்லை.

இந்த வீட்டைப் பற்றி. எனக்குப் பெண்பிள்ளை இருந்திருந்தால் அவள் இங்கே இருந்திருப்பாள், நான் அவளோடு இருந்திருப்பேன். நீ ஒரே பிள்ளை, ஆண்பிள்ளை, போகவேண்டியவன். நீ இந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் காலத்துக்குப் பிறகு விற்றுவிடு, அதில் எனக்குக் கவலை இல்லை. மரணசாசனம் எழுதலாமா என்றுதான் முதலில் நொத்தாரிசிடம் கேட்டேன். அவர் வாயாடி மனிதர், உனக்குத் தெரியும்தானே. "மரணசாசனம் எண்டா நீங்க மௌத்தான புறகு உங்கட மகன் கோட்டுப் படி ஏறணும் டீச்சர். இப்ப உறுதி எழுதினா ஒரு படியும் ஏறத் தேவயில்ல. சீவிய உரித்த வெச்சிட்டா, அவர் நெனச்சாலும் உங்கள வீட்ட விட்டு எழுப்ப ஏலா" என்றார். என் மகன் எழுப்பமாட்டான் என்றேன். "ஒருத்தரும் எழுப்பமாட்டாங்க டீச்சர், அதுக்காகத்தான் எழுதுறது" என்று சிரித்தார். நகலை வாசித்துக் காட்டிவிட்டு, பேனையை மூடாமல், "இன்னும் ஏதும் சேர்க்கணுமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். கந்தோரை விட்டு வெளியே வந்து, சந்தைச் சந்தி வரை நடந்து, அங்கே நின்றேன். திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். திரும்பிப் போனாலும் அவரால் அதை எழுதமுடியாது. எந்த நொத்தாரிசாலும் முடியாது.

சீவிய உரித்து என்பது இந்த நாலு சுவருக்குள் நான் இருக்கலாம் என்பது. இருக்க எனக்கு முடியும் நாள்வரை அது நல்லது. நீ கொழும்புக்கு வேலை விஷயமாகப் போன நாட்களில் நான் பழகிப் பார்த்துக்கொண்டேன். பின்னறைகள் இரண்டையும் பூட்டிவிட்டேன். ஒரு சுண்டு அரிசியில் பாதி போட்டேன். நாலாம் நாள் பால்காரர் வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை, மூன்று நாளாக ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதையும் பழகிக்கொள்வேன். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள ஏலாத நாள் ஒன்று வரும், மகன். அந்த நாளுக்கு உறுதியில் ஒரு வரியும் இல்லை.

பெண்ணைப் பெற்றவள் பெண்ணின் வீட்டில் இருப்பாள். ஆணைப் பெற்றவள் மருமகளின் வீட்டுக்குப் பெருநாளைக்குப் போவாள், சாப்பிட்டுவிட்டு வருவாள். தங்கப் போனாள் என்று இந்தக் கரையில் நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் கேட்பது எவ்வளவு வெட்கம் என்று உனக்கு விளங்கும். உன்னைக் கேட்கச் சொன்னால் நீ கேட்பாய், உன் மனைவியும் புதுப்பெண், மறுக்கத் தெரியாமல் ஓம் என்பாள். அப்படி ஒரு ஓம் எனக்கு வேண்டாம். அப்படி ஒன்றை நானே திரைக்குப் பின்னால் இருந்து சொன்னவள்.

ஆகவே இதுதான் நான் கேட்பது. கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் ஓய்ந்து, அந்தப் பிள்ளை தன் வீட்டில் தன் விருப்பத்துக்கு அடுப்பு மூட்டத் தொடங்கியபிறகு, ஒருநாள் நான் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்கு வருவேன். எனக்கு ஏலாமல் போகும் காலத்தில் உன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்குமா மகள் என்று அவளிடம் நானே கேட்பேன். இல்லை என்றால் இல்லை, அவள் வீடு, அவள் சொல்லலாம். நீ ஒன்றும் கதைக்கவேண்டாம். நான் தண்ணீர் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாமல், கேட்டு முடியும்வரை என் பக்கத்தில் நில்.

உன்
உம்மா